ஸ்ரீகண்டனின் கால்கள்

சுவரிலிருந்து படங்களைக் கழற்றிய பிறகும் அவை அங்கேயே மாட்டியிருப்பது போலத்தான் இருந்தது. பல வருஷத்துத் தூசி ஏறிப் பழுப்பான சுவரில், ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் பழைய வெள்ளை கட்டம் கட்டமாக மிச்சம் இருந்தது. ராஜேந்திரன் ஏணிக்குக் கீழே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன்மேல் பிரஷ் வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

அது 1998, மே மாதம். மிண்டோ கிரிக்கெட் கிளப்புக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது என்று ஜூனில் விழா வைத்திருந்தார்கள். பெவிலியனுக்கு உள்ளும் புறமும் வெள்ளையடிக்கும் வேலை ராஜேந்திரனுக்குக் கிடைத்தது. அவன் ஆஸ்டின் டவுன்காரன். வயது முப்பத்தாறு. ஆஸ்டின் டவுனில் பிறந்தவர்களுக்கு ஃபுட்பால்தான் எல்லாம். மழை பெய்தால் நந்தன் கிரவுண்டில் சேற்றில் புரண்டுகொண்டாவது ஆடுவார்கள். அவனுடைய அண்ணன்கள் இருவரும் ஃபுட்பால் ஆடித்தான் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். ராஜேந்திரனுக்கு மட்டும் எப்படியோ கிரிக்கெட் பிடித்துவிட்டது. கூட ஆட ஆள் கிடையாது. ரப்பர் பந்தைச் சுவரில் எறிந்து, திரும்பி வருவதைப் பலகைத் துண்டால் அடித்துக்கொண்டிருந்த வயது போய், வேலைக்குப் போகும் வயது வந்துவிட்டது. நிஜமான கிரிக்கெட் பந்தை அவன் கையால் தொட்டதே இல்லை.

கழற்றிய படங்களைப் பெரிய கூடத்தின் மரத்தரையில் வரிசையாகச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவற்றின் நடுவிலேயே துண்டை விரித்துப் படுத்தான். தலைமாட்டுப் படத்தில் அந்தக் காலத்து ஆட்டக்காரர் ரஞ்சி பந்தைக் காலோரமாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். பட்டுச்சட்டை காற்றில் உப்பியிருந்தது. கால்மாட்டில் ஆஸ்திரேலியாவின் ட்ரம்பர் கிரீஸ் கோட்டை விட்டு வெளியே பாய்ந்துகொண்டிருந்தார். மட்டை பின்னால் உயர்ந்திருக்க, முன்கால் இன்னும் தரையைத் தொடவில்லை. நடுவில் கிளப்புக்கு ஆடியவர்கள், மீசைக்காரர்கள், தொப்பிக்காரர்கள், ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிய ஒருவர். எல்லோரும் வெளுத்த வெயிலில் நின்றார்கள். எல்லோர் முன்னாலும் எங்கிருந்தோ ஒரு பந்து வந்துகொண்டிருந்தது.

ஜன்னல் வழியே தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் உள்ளே வந்து அந்தக் கண்ணாடிகள்மேல் அசைந்தது. அவன் கண் சொருகியது. பாதித் தூக்கத்தில், அந்தரத்தில் நின்ற ட்ரம்பரின் கால் மெதுவாக இறங்கித் தரையில் ஊன்றியது. மட்டை முழுவதும் சுற்றி வந்தது. சத்தம்கூடக் கேட்டது. பந்து எங்கே போனது என்று பார்ப்பதற்குள் விழித்துக்கொண்டான்.

எழுந்தவன் நீளக் கழியில் கட்டிய பிரஷைக் கையில் எடுத்தான். கழியைத் தலைகீழாகப் பிடித்து, ட்ரம்பரைப் பார்த்துக்கொண்டே பின்னால் தூக்கினான். முன்காலை நீட்டினான்.

"அப்படியே இரு மேன். அசையாத."

வாசலில் ஒருவர் கேமரா பையுடன் நின்றார். ராஜேந்திரன் வெட்கப்பட்டுப் பிரஷைக் கீழே வைத்தான். வந்தவர் பெயர் ஓஸ்வால்ட். லிங்கராஜபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். விழா மலருக்காகப் பழைய படங்களையெல்லாம் மறுபடி படமெடுத்துக் கொடுக்க வந்திருந்தார்.

"கிரிக்கெட் ஆடுவியா?" என்று கேட்டார்.

"இல்ல சார். டிவியில பாக்கறதுதான்."

"ஆனா நிக்கத் தெரியுது உனக்கு. எனக்கு அது போதும்." ஓஸ்வால்ட் கூடத்தின் மூலையில் துணி சுற்றி வைத்திருந்த ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து பிரித்தார். "இதைப் பாரு."

அதுவும் மற்றவை போலப் பெரிய படம்தான். ஆனால் கூரை ஒழுகி, அப்புறம் கரையானும் ஏறி, முக்கால்வாசிப் படம் போய்விட்டது. மிஞ்சியது அடிப்பகுதி மட்டும். ஒரு ஆட்டக்காரரின் இரண்டு கால்கள், முழங்கால் வரை. வெள்ளைப் பூட்ஸ். காலில் கட்டும் பேடின் கீழ்ப்பாதி. இடது கால் முன்னால் குறுக்கே வந்திருந்தது. வலது குதிகால் லேசாக எழும்பியிருந்தது. உச்சி வெயில் போலும். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. கீழே ஆங்கிலத்தில் பெயர். ராஜேந்திரன் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஸ்ரீகண்டன், 1934.

"இந்த கிளப்புலயே பெரிய பேட்ஸ்மேன் இவர்தானாம். இருந்தது இந்த ஒரே படம். நெகட்டிவ் கிடையாது. மேல் பாகத்துக்கு ஒரு ஆளை நிக்க வெச்சுப் படமெடுத்து, இந்தக் காலோட சேத்துக் குடுங்கன்னு கேக்கறாங்க. கம்ப்யூட்டர்ல சேக்கறதுக்கு ஆள் இருக்கு. நிக்கத்தான் ஆள் இல்ல."

"நான் எப்படி சார்?"

"அந்தக் காலையும் உன் காலையும் பாரு," என்றார் ஓஸ்வால்ட்.

ராஜேந்திரன் குனிந்து பார்த்தான். சுண்ணாம்பு தெறித்த அவன் கால்கள் நீளமானவை, ஒல்லியானவை. படத்தில் இருந்தவையும் அப்படித்தான்.

கிளப் செயலாளர் ஜெயராமனுக்கு இந்த யோசனை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "மெம்பர் யாரையாவது நிக்க வைக்கலாமே ஓஸ்வால்ட். பெயிண்டர் எதுக்கு?"

"உங்க மெம்பர் ஒவ்வொருத்தருக்கும் தொப்பை இருக்கு சார். அந்தக் காலுக்கு மேல அந்த வயித்தை வெச்சா ஸ்ரீகண்டன் சாரோட ஆவி என்னை சும்மா விடாது."

ஜெயராமன் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. படத்தில் ஸ்ரீகண்டன் என்ன அடித்துக்கொண்டிருந்தார் என்பதே யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. கவர் டிரைவ் என்று ஜெயராமன் அடித்துச் சொன்னார். ஓஸ்வால்டுக்கு லேட் கட் போலத் தோன்றியது. கிளப்பில் வயதான ஒருவர் அது ஹூக் என்றார்; அவர் அந்தப் படத்தை முப்பது வருஷம் தினமும் பார்த்தவர். தினமும் பார்த்ததாலேயே சரியாகப் பார்க்கவில்லை என்று அவரே அப்புறம் ஒப்புக்கொண்டார். கடைசியில், ஸ்ரீகண்டனின் மகள் மல்லேஸ்வரத்தில் இருப்பது ஞாபகம் வந்து ஜெயராமன் அவருக்குப் போன் செய்தார்.

அனந்தலக்ஷ்மி ஒரு சனிக்கிழமை மத்தியானம் காரில் வந்து இறங்கினார். எழுபது தாண்டியவர். கைத்தடி வைத்திருந்தார், ஆனால் அதை ஊன்றாமல் குடை போலக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். வானம் மூடியிருந்தது. ராஜேந்திரன், நாடகத்துக்குத் துணி வாடகைக்குக் கொடுக்கும் கடையிலிருந்து ஓஸ்வால்ட் கொண்டுவந்த வெள்ளைக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, கிளப்பின் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்த பேடுகளைக் கட்டிக்கொண்டு, மட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிட்ச் ஓரத்தில் நின்றான்.

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் நிக்கப் போறியா?"

"ஆமாம்மா."

"பேர் என்ன?"

"ராஜேந்திரன். இங்க பெயிண்ட் வேலை பாக்கறேன்."

"நன்னா வெள்ளையடிச்சிருக்கே. வரச்சே பாத்தேன்." பிறகு ஜெயராமன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கோ. என்ன சந்தேகம் உங்களுக்கு?"

ஜெயராமன் பாழான படத்தைக் காட்டினார். "சார் என்ன ஷாட் ஆடினார்னு தெரியணும் மேடம். நான் கவர் டிரைவ்னு சொல்றேன்."

அனந்தலக்ஷ்மி படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கால்களின்மேல் விரலை வைத்தார்.

"அடிக்கவே இல்லை," என்றார்.

"மேடம்?"

"அப்பா அந்தப் பந்தை அடிக்கலை. அன்னிக்கு நான் இங்கதான் உக்காண்டிருந்தேன், அந்த மரத்தடியில. எட்டு வயசு. மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் பெரிய கேமராவைத் தூக்கிண்டு வந்திருந்தார். அப்பா காத்தாலேருந்து எல்லாப் பக்கமும் அடிச்சிண்டிருந்தார். அந்த மனுஷன் பட்டனை அமுக்கின நேரம் பாத்து, வந்த பந்தை விட்டுட்டார். கை ரெண்டும் மேல, மட்டை தலைக்கு மேல. மூஞ்சி பின்னாடி திரும்பியிருந்தது. பந்து கீப்பர்கிட்ட போறதைப் பாத்துண்டு நின்னார். படக்காரருக்கு ஒரே கோபம். படத்துல மூஞ்சியே விழலியேன்னு."

"ஏம்மா விட்டார்?" என்று கேட்டவன் ராஜேந்திரன்தான். கேட்ட பிறகுதான் தான் கேட்டிருக்க வேண்டுமா என்று தோன்றியது.

"அம்மாவும் அதைத்தான் கேட்டா. பந்து நன்னா இருந்தது, பாத்துண்டே நின்னுட்டேன்னார்." அவர் படத்திலிருந்து கையை எடுத்தார். "ஆத்துல அப்பாவோட படம் ஒண்ணு இருக்கு. கோட்டும் தலைப்பாகையும். அது ஆபீசுக்குப் போற மனுஷன். எனக்குத் தெரிஞ்ச அப்பா இங்கேருந்து பாத்த அப்பா. பின்னங்கழுத்தும் முதுகும்தான். மூணு வருஷத்துல போயிட்டார்."

யாருடைய முகமும் தேவையில்லை என்றதும் ஜெயராமனுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. ராஜேந்திரன் கிரீஸில் போய் நின்றான். ஓஸ்வால்ட் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து அவன் கால்களைச் சரிசெய்தார். மட்டையைத் தூக்கச் சொன்னார். தலையைத் திருப்பச் சொன்னார். கேமராவுக்குப் பின்னால் போனார், திரும்பி வந்தார், தோளைத் தட்டினார், மறுபடி போனார்.

"மரம் மாதிரி நிக்கறான்," என்றார் அனந்தலக்ஷ்மி. "பந்தே வராம எப்படிடாப்பா விடுவே? யாராவது போடுங்கோ."

ஜெயராமன் ஒரு காலத்தில் மிதவேகப் பந்துவீச்சாளர். கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, கிளப் அறையிலிருந்து ஒரு பந்தைக் கொண்டுவந்தார். அதை முதலில் ராஜேந்திரன் கையில் கொடுத்து, "கனம் பாத்துக்கோ, பயப்படாத, மெதுவாத்தான் போடுவேன்," என்றார். கல் போல இருந்தது பந்து. சிவப்புத் தோல் வழவழவென்றிருக்க, நடுவே தையல் மட்டும் விரலில் இடறியது. ராஜேந்திரன் அதைத் திருப்பித் தர இரண்டு நொடி அதிகமாக எடுத்துக்கொண்டான்.

முதல் பந்து வந்தது. விட வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மட்டை தானாகக் கீழே வந்து வீசியது. பந்து படவில்லை.

"விடு மேன், விடணும்," என்றார் ஓஸ்வால்ட்.

அடுத்ததையும் வீசினான். அதற்கடுத்ததையும். இத்தனை வருஷம் கழித்து நிஜப் பந்து ஒன்று தன்னைத் தேடி வரும்போது கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்பது அவனால் முடியாத காரியமாக இருந்தது. ஒரு பந்து மட்டையின் நடுவில் பட்டது. முழங்கை வரை ஏதோ இனிப்பாக ஏறியது. பந்து புல்லில் ஓடி எல்லைக் கயிறு வரை போய்விட்டது. ஜெயராமன் இடுப்பில் கை வைத்து நின்று அதைப் பார்த்தார். பிறகு ராஜேந்திரனைப் பார்த்தார். தானே போய் எடுத்துவந்தார்.

"அடிச்சாச்சா?" என்றார் அனந்தலக்ஷ்மி. "ஆசை தீந்துதா?"

"தீரலம்மா."

"சரி, இன்னும் கொஞ்சம் அடி. அவர் போடட்டும். எனக்கு அவசரம் இல்லை."

ஜெயராமன் போட்டுக்கொண்டே இருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. ராஜேந்திரன் அடித்தான், தவறவிட்டான், தொடையில் ஒன்று வாங்கினான், மறுபடி அடித்தான். மேகம் விலகி மஞ்சள் வெயில் ஒரு வீச்சாக மைதானத்தில் விழுந்தது. மரங்களிலிருந்து ரோஸ் நிறப் பூநார்கள் உதிர்ந்து பிட்ச் ஓரம் சுழன்றன.

அப்புறம் ஒரு பந்து வந்தது. ஜெயராமனின் கையை விட்டுக் கிளம்பியபோதே அது வேறு மாதிரி இருந்தது. தையல் நிமிர்ந்து, சுழல்வதே தெரியாமல், காற்றில் மெல்ல வளைந்து உள்ளே வருவது போல வந்தது. ராஜேந்திரன் இடது காலைக் குறுக்கே வைத்தான். பந்து தரையில் குத்தி, வந்த வழியை மாற்றிக்கொண்டு வெளியே திரும்பியது. அவன் கைகள் தலைக்கு மேல் போயின. யாரும் சொல்லி அல்ல. பந்து அவன் முழங்காலைக் கடந்து போகும்போது உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அது போவதை விட்டுவிடக் கூடாது என்று தலையைத் திருப்பினான். போய்க்கொண்டே இருந்தது அது. அன்றைக்கு மத்தியானம் தன்னைச் சுற்றியிருந்த படத்து ஆட்டக்காரர்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று அவனோடு சேர்ந்து அதைப் பார்ப்பது போலிருந்தது.

கேமரா சொடுக்கிய ஒலி எங்கோ தூரத்தில் கேட்டது.

ஓஸ்வால்ட் நிமிர்ந்தார். ஜெயராமன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நல்ல பால் அது," என்றார், யாரிடமும் இல்லாமல்.

அனந்தலக்ஷ்மி மரத்தடி நாற்காலியில் கைக்கடிகாரத்தை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ராஜேந்திரன் பக்கத்தில் வந்தபோதுதான் அவர் அழுதிருப்பது தெரிந்தது.

"தண்ணி கொண்டாரட்டுமாம்மா?"

"வேண்டாம். நீ போய்க் குடி. வேர்த்துக் கொட்றது பார்."

விழாவுக்கு ராஜேந்திரன் மனைவி மகாவையும் கூட்டிப்போனான். மகா சிவாஜி நகரில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். கிரிக்கெட் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. படம் பற்றி அவன் வீட்டில் சொன்னபோது, "யாரோ பெரியவங்க படத்துல உன்னை எதுக்கு ஒட்டறாங்க, அப்பறம் ஏதாவது பிரச்சனை ஆகப் போவுது," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

வெள்ளையடித்த சுவரில் படங்கள் எல்லாம் திரும்ப ஏறியிருந்தன. ஸ்ரீகண்டன் நடுவில் இருந்தார். கால்களுக்கு மேல் இப்போது ஒரு முழு மனிதர் எழும்பி நின்றார். மட்டை வானத்தில். முகம் திரும்பியிருந்தது. கழுத்தும் தோளும் முதுகும் வெயிலில் இருந்தன. ஓஸ்வால்டின் ஆள் புதிய பாகத்தையும் பழைய பாகம் போலவே வெளுக்க வைத்திருந்தான். அடியில் சின்ன எழுத்தில், படத்தின் கீழ்ப்பகுதி மட்டுமே 1934ஆம் வருஷத்தது, மேல்பகுதிக்கு நின்றவர் ராஜேந்திரன் என்று போட்டிருந்தது. அப்படிப் போட்டால்தான் படத்தை மாட்ட விடுவேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டதாக ஜெயராமன் சொன்னார்.

மகா அந்த ஆங்கில எழுத்தைப் படிக்கவில்லை. அவள் படத்தையே பார்த்தாள். தினமும் காலையில் அவன் பின்னால் டிவிஎஸ் வண்டியில் உட்கார்ந்து, டிராஃபிக்கில் வேறு எதையும் பார்க்க முடியாமல் அவள் பார்த்துக்கொண்டே போவது அந்தப் பின்னங்கழுத்தைத்தான்.

"நீதான்," என்றாள் மெதுவாக. "காதுக்குப் பின்னாடி அந்த மடிப்பு."

பக்கத்தில் கைத்தடியோடு நின்ற அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். "நீ அவன் ஆம்படையாளா?"

மகா பயந்து தலையை ஆட்டினாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு அப்படித் தோணுச்சு."

"தப்பு என்ன இருக்கு. கழுத்து உன்னுது. கால் என்னுது." அனந்தலக்ஷ்மி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்துக்கு இன்னும் கிட்டே போனார். "நடுவுல எங்க சேத்திருக்கான்னுதான் தேடிண்டிருக்கேன். என் கண்ணுக்குத் தெரியலை. நீ தையல் வேலை பாக்கறேன்னு அவன் சொல்லியிருக்கான், உனக்குத் தெரியறதா பாரு."

மகாவும் குனிந்து பார்த்தாள். இரண்டு பெண்களும் முழங்கால் உயரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினார்கள். மகாவுக்கும் தெரியவில்லை. "நல்லா சேத்திருக்காரும்மா. தையலே தெரியல," என்றாள். அப்புறம் அவர்கள் சேர்ந்தே போய்ப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிசிபேளேபாத் சாப்பிட்டார்கள். ராஜேந்திரன் தூரத்திலிருந்து பார்த்தான். மகா எதையோ சொல்ல, அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஜெயராமன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை என்ன பண்ற?"

"வேலை இருந்தா போவேன் சார். இல்லன்னா சும்மாத்தான்."

"எங்க நாலாவது டீம்ல எப்பவும் ஆள் குறையும். வயசானவங்க, புதுசா வர்றவங்க எல்லாம் ஆடற டீம்தான். வர்றியா?"

"எனக்கு ஆடத் தெரியாது சார்."

"அவங்களுக்கும் தெரியாது," என்றார் ஜெயராமன்.

அப்படித்தான் அவன் மிண்டோ கிளப்புக்கு ஆட ஆரம்பித்தான். ஐந்தாறு வருஷம் ஆடினான். பெரிதாக ஒன்றும் அடித்துவிடவில்லை. சில நாள் முதல் பந்திலேயே ஸ்டம்பு பறக்கும். சில நாள் கொஞ்ச நேரம் நிற்பான். அனந்தலக்ஷ்மி உடம்பு நன்றாக இருந்த வரைக்கும் எப்போதாவது வந்து மரத்தடியில் உட்காருவார். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மகாவும் வருவாள். ஆட்டம் முடிவதற்குள் இருவரும் பேசி முடித்திருக்க மாட்டார்கள்.

அந்த வருஷங்களில் ஒரு நாள், மழைக்கு முந்திய சாயங்காலம். மேற்கே சுவருக்கு அப்பால் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் சிக்னல் கிடைக்காமல் நின்றுவிட்டது. ஜன்னல்களிலும் கதவுகளிலும் முகங்கள் மைதானத்தைப் பார்த்தன. ராஜேந்திரன் அப்போதுதான் ஆட உள்ளே வந்து, மட்டை ஊன்றும் இடத்துக்குக் கிரீஸில் கோடு போட்டிருந்தான். எதிர் அணி ஆட்கள் இடம் மாறினார்கள். பந்துவீசுபவன் தூரத்தில், வெயிலும் கருமேகமும் சேரும் இடத்தில், சின்னதாகத் தெரிந்தான். எல்லாம் அப்படியே நின்றது. ஒரு காகம்கூட இல்லை. ரயிலில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பந்துவீசுபவன் ஓடிவரத் தொடங்கினான். ரயிலும் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. ராஜேந்திரன் முன்காலை வைத்துப் பந்தைத் தள்ளினான். அது இரண்டு பேருக்கு நடுவே புகுந்து போனது. "வாங்க," என்று எதிர்முனைக்காரரைக் கூப்பிட்டுவிட்டு ஓடினான்.